ஆணி தாங்கும் சுமையை அறிவோம்

(புக்கிட் தெங்காவில், சுற்றுவட்டாரத் தோட்டக் குடும்பத்தினரும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடியிருந்த நிகழ்ச்சியில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உருவத்தில் சிறியது. பாரந்தூக்கி, மண்வாரி இயந்திரம், செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றும் இயந்திரம் ஆகியவற்றின் உறுப்புகளை ஒன்றோடொன்று இணைத்து நிற்கும் இரும்பு ஆணியே அது. பட்டறைகளில் அதனைப் ‘பின்’ என்று அழைக்கிறார்கள். நாம் இவ்வுரையில் அதனை இணைப்பாணி என்று குறிப்பிடுவோம். துருவேறியோ, வளைந்தோ, சுமையின்கீழ் இறுகியோ வெளிவர மறுக்கும் இணைப்பாணியை ஆபத்தின்றிக் கழற்றுவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

“பட்டறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தோட்டத்து மக்களுக்கு ஏன் சொல்லுகிறீர்கள்?” என்று சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்திற்கு விடை இவ்வூரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

புக்கிட் தெங்காவின் ஒரு பக்கம் புக்கிட் மெர்தாஜம் மலை. மறுபக்கம் பிறை, ஜூரு ஆகிய இடங்களின் தொழிற்சாலைகள். 1967ஆம் ஆண்டில் பிறையில் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலை, பால் வற்றிய ரப்பர் மரங்களை எரித்து எடுத்த கரியைக் கொண்டே தன் ஊதுலையை இயக்கியது. நம் பெற்றோர் வெட்டிய பால்மரம் கரியாகி, அக்கரி இரும்பை உருக்கியது. பிறகு 1985இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 2014இல் பத்து காவானிலிருந்து 24 கிலோமீட்டர் நீளமுள்ள சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்ஸாம் ஷா பாலம் திறப்புவிழாக் கண்டது. இவற்றைக் கட்டியெழுப்பப் பாரந்தூக்கிகள் வேண்டியிருந்தன. அவற்றைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வேண்டியிருந்தன. பட்டறைகளில் வேலை செய்யக் கைகள் வேண்டியிருந்தன. அந்தக் கைகளுள் பல தோட்டத்து லயங்களிலிருந்து வந்த நம் பிள்ளைகளின் கைகள். அன்றியும், இன்று தோட்டத்துக்குள்ளேயே வடிகால் வெட்டுவதும், குலை ஏற்றுவதும், ஆலையில் பழக்கூண்டுகளைத் தூக்குவதும் இயந்திரங்களே. எனவே இணைப்பாணியின் செய்தி தோட்டத்தின் செய்தியும் ஆகும்.

வலிமை மட்டும் போதாது

நாம் இப்பணிக்கு வருமுன் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தோம். அங்கு நம்மிடம் படித்த மாணவர் ஒருவர், படிப்பை முடித்தபின் கனரக இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். தாயார் பால்வெட்டு வேலையில் இருந்து ஓய்ந்தவர். வீட்டில் முதன்முதலாகத் தோட்டத்துக்கு வெளியே மாதச் சம்பளம் வாங்கியவர் அந்தப் பிள்ளைதான்.

அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், மண்வாரி இயந்திரம் ஒன்றின் கையைக் கழற்ற வேண்டியிருந்தது. இணைப்பாணி வெளிவரவில்லை. மதிய உணவுக்கு முன் அது வெளிவந்தாக வேண்டும் என்பது மேலாளின் கட்டளை. மூன்று பேர் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்தார்கள். வியர்வை வழிந்து பார்வையை மறைத்ததால், நம் மாணவர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அடுத்த சில அடிகளுக்குள் ஆணியின் விளிம்பிலிருந்து தெறித்த இரும்புச் சில்லு அவருடைய இடக் கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணின் பார்வை திரும்பவில்லை.

மறுநாள் வேறு இரண்டு பேர் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களுள் வயதில் மூத்தவர் முதலில் இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். சங்கிலிக் கப்பியில் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையின் பாரம் முழுவதும் ஆணியின்மேல் சாய்ந்திருந்தது. கீழே கட்டைகளை அடுக்கி, ஜாக்கி வைத்து, கையை விரற்கடை அளவு உயர்த்தினார்கள். ஆணி திரும்பியது, பிறகு வெளிவந்தது. முந்தைய நாள் காலை முழுவதும் அவர்கள் அடித்தது துருவை அன்று, சுமையை!

நாம் மருத்துவமனைக்குச் சென்றபோது அந்தப் பிள்ளை சொன்ன சொல் இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. “சார், நீங்க வகுப்பில சொன்ன மாதிரி விடாமத்தான் அடிச்சேன்” என்றார். அவர் நம்மைக் குறை கூறவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். ஆயினும் அச்சொல் நம்மைச் சுட்டது. முயற்சியைக் கைவிடாதே என்று எத்தனையோ முறை கற்பித்தோம். முயற்சி பலிக்காதபோது நின்று, ஏன் பலிக்கவில்லை என்று பார்க்க வேண்டும் என்பதைக் கற்பித்தோமா? கற்பிக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கும் பொருட்டே இன்று உங்கள்முன் நிற்கிறோம்.

ஆணி ஏன் இறுகுகிறது?

நோயின் காரணம் அறியாமல் மருந்து கொடுக்கலாகாது. இணைப்பாணி இறுகுவதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதற் காரணம் துரு. இரும்பு துருவாகும்போது, அது முன்னிருந்ததைவிட அதிக இடத்தைப் பிடிக்கிறது. ஆணிக்கும் துளைக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியில் துரு வளரும்போது, ஆணியை நாற்புறமும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. கடற்காற்றும் மழையும் நிறைந்த செபராங் பிறை வட்டாரத்தில், கிரீஸ் இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் இயந்திரத்திற்கு இது விரைவில் நேரும்.

இரண்டாவது காரணம் பழைய கிரீஸ். மண்ணும் தூசியும் கலந்த கிரீஸ் நாளடைவில் கட்டியாகி, கிரீஸ் செல்லும் வழியை அடைத்துவிடும். வெளியே கிரீஸ் அடித்ததாகத் தோன்றும். உள்ளே ஒரு துளியும் சென்றிராது.

மூன்றாவது காரணம் தேய்மானமும் வளைவும். ஒரே இடத்தில் தேய்ந்த ஆணியில் படி போன்ற பள்ளம் விழுந்துவிடும். அந்தப் படி துளையின் விளிம்பில் சிக்கும். அளவுக்கு மீறிய பாரம் தூக்கிய ஆணி சற்றே வளைந்திருக்கும். முன்பு அடிபட்ட ஆணியின் முனை காளான்போல் விரிந்திருக்கும். விரிந்த முனையைத் தேய்த்துச் சமன் செய்யாமல் மேலும் அடித்தால், அது மேலும் விரியுமேயன்றித் துளைக்குள் நுழையாது.

நான்காவது காரணமே நாம் மேலே கண்டது. ஆணி உண்மையில் இறுகியிருக்காது; அதன்மேல் சுமை ஏறியிருக்கும். இதனை அறிய இயந்திரப் படிப்புத் தேவையில்லை. வீட்டுக் கதவின் கீலிலிருந்து ஆணியை உருவிப் பாருங்கள். கதவு தொங்கிக்கொண்டிருக்கும்வரை ஆணி வராது. ஒருவர் கதவைச் சற்றே தூக்கிப் பிடித்தால் உருவ வந்துவிடும். கதவின் எடை சில கிலோகிராம். பாரந்தூக்கியின் கையோ பல டன். வேறுபாடு அவ்வளவே.

இவற்றோடு எளிய காரணம் ஒன்றும் உண்டு. ஆணி நழுவாதிருக்கப் பக்கத்தில் ஒரு பூட்டுத் தகடோ, குறுக்குப் போல்ட்டோ, பூட்டாணியோ இருக்கும். சேறும் வண்ணப்பூச்சும் அதனை மறைத்திருக்கும். அதைக் கழற்ற மறந்துவிட்டுச் சம்மட்டி எடுப்பவர்கள் உண்டு. ஆதலின் சம்மட்டிக்கு முன் கம்பித் தூரிகையை எடுங்கள், துடைத்துவிட்டுப் பாருங்கள்.

முதற் கேள்வி

இணைப்பாணியைத் தொடுமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “இது எவ்வளவு இறுகியிருக்கிறது?” என்பது அன்று. “இது இப்போது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது? இதை எடுத்தால் எது விழும், எந்தப் பக்கம் விழும்?” என்பதே. தேருக்கு அச்சாணி எத்தகையது என்பதைத் திருக்குறள் படித்த நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அச்சாணியைப் பிடுங்குபவர் தேருக்குக் கீழே நிற்கலாகாது என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்வோம்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நிகழ்ந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். அங்கே கட்டட வேலைக்கு நிறுத்தப்பட்டிருந்த கோபுரப் பாரந்தூக்கி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோபுரத்தின் பகுதிகள் இணைப்பாணிகளால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டப்பட்டவை. ஒரு பகுதியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குரிய ஆணிகளை மட்டும் எடுத்து, இறக்கிய பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கோ ஏறத்தாழ எல்லா ஆணிகளும் முன்கூட்டியே கழற்றப்பட்டுவிட்டன. காற்று வீசியது, கோபுரம் சாய்ந்தது. வேலையில் இருந்த இருவரும், கீழே சாலையில் சென்றுகொண்டிருந்த இருவரும், ஆக நால்வர் உயிரிழந்தனர். தயாரிப்பாளர் வகுத்த முறையைப் பின்பற்றாமல் ஆணிகளை முன்னதாகவே நீக்கியதே காரணம் என்று வாஷிங்டன் மாநிலத் தொழில் துறையின் விசாரணை கண்டது.

நம் மாணவரின் ஆணி வரவில்லை. சியாட்டில் ஆணிகளோ வந்துவிட்டன. இரண்டு இடத்திலும் கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்றே. ஆணி வெளிவந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். உண்மையில் அந்தக் கணத்தில்தான் சுமை விடுதலை பெறுகிறது.

பின்னல் சட்டங்களால் ஆன நீண்ட கையுடைய பாரந்தூக்கிகளில் இவ்வபாயம் மிகுதி. அக்கையின் பகுதிகள் மேலும் கீழுமாக ஆணிகளால் இணைக்கப்பட்டிருக்கும். மேலிருந்து தொங்குகம்பிகள் அதனை இழுத்துப் பிடித்திருக்கும். அக்கம்பிகள் விறைப்பாக இருக்கும்போது அவற்றின் ஆணிகளைத் தொடவே கூடாது. கம்பி பிடித்திருக்கும் இடத்திற்கும் இயந்திரத்தின் உடலுக்கும் இடையே உள்ள பகுதிகளின் ஆணிகளையும் எடுக்கலாகாது. எடுத்தால், கை நடுவில் மடிந்து விழும். கையைத் தரையிலோ கட்டைகளின்மேலோ முழுமையாக அமர்த்தி, கம்பிகள் தளர்ந்த பின்னரே, தயாரிப்பாளரின் கைந்நூல் கூறும் வரிசைப்படி கழற்ற வேண்டும். எக்காரணம் கொண்டும் கையின் கீழேயோ, பின்னல் சட்டத்தின் உள்ளேயோ ஒருவரும் இருத்தல் கூடாது.

கழற்றும் முறை

இனி, வேலையை வரிசையாகக் காண்போம்.

முதலாவதாக, இயந்திரத்தைச் சமமான, உறுதியான தரையில் நிறுத்துங்கள். வாளியையும் கையையும் தரையில் அமர்த்துங்கள். கழற்றப்படும் இணைப்பின் இரு பக்கமும் சிலிப்பர் கட்டைகளை அடுக்கித் தாங்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தாங்கினால், ஆணி வந்தவுடன் மறுபக்கம் விழும். சங்கிலிக் கப்பியும் ஜாக்கியும் தூக்குவதற்கு உரியவை. தூக்கியதைத் தாங்கி நிற்கக் கட்டைகளே வேண்டும்.

இரண்டாவதாக, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து, வேலை செய்பவர் தம் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். எஞ்சின் நின்றாலும் ஹைட்ராலிக் குழாய்களில் அழுத்தம் தங்கியிருக்கும். கைந்நூலில் கூறியபடி அதனை வெளியேற்றுங்கள். எண்ணெய்க் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசிமுனைத் துவாரத்திலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தோன்றினாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது.

மூன்றாவதாக, சுற்றிலும் துடைத்து, பூட்டுத் தகட்டையும் பூட்டாணியையும் கழற்றுங்கள். விரிந்த முனையைத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். கிரீஸ் நிப்பிள் அடைத்திருந்தால் மாற்றிவிட்டுப் புதிய கிரீஸை அழுத்திச் செலுத்துங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வந்தால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

நான்காவதாக, ஊடுருவும் எண்ணெயை இரு முனையிலும் ஊற்றிக் காத்திருங்கள். மாலையில் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மீண்டும் ஊற்றுவது நன்று. பால்மரத்தில் கத்தி வைத்தவுடன் வாளி நிறைந்துவிடுவதில்லை. சொட்டுச் சொட்டாக வடிவதற்கு நேரம் வேண்டும் என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் யார்? எண்ணெய்க்கும் அந்த நேரத்தைக் கொடுங்கள்.

ஐந்தாவதாக, ஜாக்கியால் கையை மயிரிழை மயிரிழையாக உயர்த்தியும் தாழ்த்தியும், ஆணியைத் திருப்ப முயலுங்கள். இழுப்பதற்கு முன் திருப்ப வேண்டும். எந்த உயரத்தில் ஆணி திரும்புகிறதோ, அந்த உயரத்தில்தான் அதன்மேல் சுமை இல்லை. துளைகள் நேராக இருக்கின்றனவா என்று விரலை உள்ளே விட்டுப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கை சற்று நழுவினாலும் விரல் கத்தரியில் அகப்பட்டது போலாகும். விளக்கு வைத்துக் கண்ணால் பாருங்கள்.

ஆறாவதாக, அடிப்பதைவிட அழுத்துவது மேல். ஆணியைத் தள்ளவோ இழுக்கவோ செய்யும் ஹைட்ராலிக் ஜாக்கிகளும், அவற்றைப் பொருத்தும் சட்டங்களும் உண்டு. சில ஆணிகளின் முனையில் மரையிட்ட துளை இருக்கும். அதில் நீண்ட போல்ட்டை முடுக்கி, குழாயும் தகடும் வைத்து, நட்டைத் திருகித் திருகி வெளியே இழுக்கலாம். அழுத்தம் ஏறும்போது ஒருவரும் ஆணிக்கு நேராக நிற்கக் கூடாது. பல டன் அழுத்தத்தில் திடீரென விடுபடும் ஆணி, பீரங்கிக் குண்டுபோல் பாயும்.

ஏழாவதாகவே சம்மட்டி. கடினப்படுத்தப்பட்ட எஃகு ஆணியைக் கடினமான சம்மட்டியால் நேரடியாக அடிப்பதே சில்லுகள் தெறிக்கக் காரணம். இடையில் பித்தளை போன்ற மென்மையான உலோகத் தண்டை வைத்து அடியுங்கள். தண்டைக் கையால் பிடிக்காமல் நீண்ட பிடியாலோ குறடாலோ பிடியுங்கள். பிடிப்பவர் அடிப்பவருக்கு நேர் எதிரே நிற்கலாகாது. சம்மட்டியின் காம்பும் தலையும் உறுதியாக உள்ளனவா என்று பாருங்கள். கண்ணாடி இல்லாமல் அடிப்பவர் மட்டுமல்லர், வேடிக்கை பார்ப்பவரும் அருகில் இருத்தல் கூடாது. வியர்வை வழிந்தால் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்; சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடையுங்கள். மற்றோர் இயந்திரத்தின் வாளியால் ஆணியை முட்டித் தள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேலையன்று, விபரீதம்.

நெருப்பை நாடுமுன்

“சூடு காட்டினால் வந்துவிடும்” என்று சொல்லுபவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது; ஆபத்தும் இருக்கிறது.

எஃகு சூட்டில் விரியும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையைச் சுற்றியிருக்கும் எஃகின் வெப்பத்தை 200 பாகை செல்சியஸ் உயர்த்தினால், துளை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் விரியும். துருவின் பிடியைத் தளர்த்த அது பெரும்பாலும் போதும். ஆனால் சூடாக்க வேண்டியது துளையைச் சுற்றியுள்ள பகுதியை, ஆணியை அன்று. ஆணியைச் சூடாக்கினால் ஆணியே விரிந்து மேலும் இறுகும்.

அபாயங்களையும் கேளுங்கள். பாரந்தூக்கியின் கைக்குப் பயன்படும் உயர்வலு எஃகு அளவுமீறிச் சூடேறினால் தன் வலிமையை இழக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது; பின்னொரு நாள் பாரம் தூக்கும்போது முறியும். ஆதலின் தயாரிப்பாளரின் அனுமதியின்றி அத்தகைய கையில் நெருப்பு வைக்கவே கூடாது. அன்றியும், உட்குழிவான ஆணிக்குள்ளும் அடைபட்ட துளைக்குள்ளும் சிக்கிய கிரீஸ், சூட்டில் வாயுவாகி வெடிக்கக்கூடும். ஊடுருவும் எண்ணெய் ஊற்றிய இடத்தில் நெருப்பு வைத்தால் தீப்பற்றும். அருகில் ஹைட்ராலிக் குழாய் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். எனவே இவ்வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது. அதற்கும் அடங்காத ஆணியைத் துளையிட்டோ அறுத்தோ எடுப்பதும் அவ்வாறே. “இது நம்மால் ஆகாது, தெரிந்தவரை அழைப்போம்” என்று கூறுவதில் இழிவு ஒன்றும் இல்லை.

ஆணி வெளிவந்த பின்

ஆணி வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அதனை மூலையில் எறிந்துவிடாதீர்கள். தேய்மானமும் வெடிப்பும் வளைவும் உண்டா என்று துடைத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மீண்டும் பொருத்தும்போது அதே அளவு, அதே தரமுள்ள ஆணியையே பயன்படுத்துங்கள். கட்டடக் கம்பியை வெட்டிச் செருகுவதும், பூட்டாணிக்குப் பதிலாகச் சாதாரண ஆணியை வளைத்துவிடுவதும் பிறர் உயிரோடு விளையாடுவதாகும். அந்தப் பாரத்தின் கீழே நாளை நிற்கப்போகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது.

கிரீஸ் அடிக்கும் வேலையைச் சின்ன வேலை என்று கருதி, புதிதாக வந்த பையனிடம் தள்ளிவிடுவது வழக்கம். கைந்நூல் குறிக்கும் மணிக்கணக்கின்படி, புதிய கிரீஸ் ஓரங்களில் எட்டிப் பார்க்கும்வரை அடித்து, அந்நாளைக் குறித்துவைக்கும் பட்டறையில் சம்மட்டிக்கு அதிக வேலை இராது.

சட்டம் தரும் துணை

“மேலாள் அவசரப்படுத்தும்போது நாங்கள் என்ன செய்வது?” என்று ஓர் இளைஞர் பேச்சுக்கு முன் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு, “பொறுங்கள்” என்ற சொல் எளிதில் வாயில் வராது.

இதற்குச் சட்டம் துணை நிற்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான வேலைமுறையையும் பயிற்சியையும் அளிக்கும் கடமையை முதலாளியிடம் ஒப்படைக்கிறது. கொடுக்கப்பட்ட பாதுகாப்புக் கருவியை அணியும் கடமையைத் தொழிலாளியிடம் ஒப்படைக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி அபாயம் இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்க நடவடிக்கை எடுக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கவும் இயலாது. 40 பேருக்குக் குறையாத வேலையிடங்களில் பாதுகாப்புக் குழு இருத்தல் வேண்டும். ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். சிறு பட்டறைகள் நிறைந்த இவ்வட்டாரத்திற்கு இது மிகவும் பயனுள்ள விதியாகும்.

விபத்து நேர்ந்துவிட்டால், சொக்சோ என்று நாம் அழைக்கும் பெர்கேசோவின் பாதுகாப்பு உண்டு. விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதனைத் தெரிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து 4 நாட்களுக்குக் குறையாத மருத்துவ விடுப்புப் பெற்ற தொழிலாளிக்கு, கணக்கிடப்பட்ட நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமை உதவியாகக் கிடைக்கும். மருத்துவச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, சந்தா செலுத்தப்படுகிறதா என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நம் மாணவரின் தகப்பனார் இவற்றை அறியாமல் பல நாட்கள் அலைந்தார். அந்த அலைச்சல் வேறு எவருக்கும் வேண்டாம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பிள்ளை வேலை முடிந்து வீடு திரும்பியதும், “சம்பளம் எப்போது?” என்று கேட்கிறோம், “சாப்பிட்டாயா?” என்றும் கேட்கிறோம். அவற்றோடு, “கண்ணாடி கொடுத்தார்களா? அணிந்துகொண்டாயா?” என்றும் கேளுங்கள். வீட்டில் கேட்கப்படும் கேள்வி பட்டறையில் நினைவுக்கு வரும்.

இளைஞர்களே! விடாமுயற்சி உயர்ந்த குணம் என்பதில் நாம் இன்றும் மாறவில்லை. ஆனால் பத்து அடிக்கும் அசையாத ஆணி பதினோராம் அடிக்காகக் காத்திருப்பதில்லை. அது நமக்கு ஏதோ ஒன்றை உணர்த்துகிறது. சம்மட்டியைக் கீழே வைத்து, இயந்திரத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்ப்பதும் முயற்சியே ஆகும்.

நம் மாணவர் இன்று மற்றொரு பட்டறையில் கருவிகள் வைக்கும் அறையைக் கவனித்துக்கொள்கிறார். திருமணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாராகிவிட்டார். சம்மட்டி வேண்டும் என்று வருகிறவரிடம் முதலில் கண்ணாடியை நீட்டுவார், அதன்பின் ஒரு கேள்வி கேட்பார்: “அந்தப் பின்னு இப்ப எதைத் தாங்கிக்கிட்டு இருக்கு?” விடை சொல்லத் தெரியாதவருக்கு அவர் சம்மட்டி கொடுப்பதில்லை, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுகிறார்.

நாம் அவருக்குக் கற்பிக்கத் தவறியதை அவர் இன்று மற்றவர்களுக்குக் கற்பிக்கிறார். அந்தப் பாடத்தையே உங்கள் கையில் ஒப்படைத்து அமைகிறோம்.